லா தேஹாவிலிருந்து எழுதும் நேயர்

என் மனைவி சுல்மா பரிசுக்குரியவர்களின் வரிசையில் அமர்ந்திருந்த மாலையில், அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததை நாடே பார்த்தது. அதில் அவளுடைய கைப்பை இருந்தது. முறைப்படி அங்கே இருந்திருக்க வேண்டியவன் நான். நானோ எங்கள் பேட்டையான லா தேஹாவின் மரக்குண்டு உருட்டும் விளையாட்டுக் கழகத்தில், உணவுக்கூடத்துக் குளிர்பானப் பெட்டிக்கு மேலே தொங்கிய தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தை ஒரே சொல்லில் கூறிவிடலாம்: நான் ராசியில்லாதவன்.

இது என் கருத்தன்று. எங்கள் தலைநகர் மான்டிவிடியோவின் நாடக உலகத் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு இடமில்லாதது.

சுல்மா மருந்துக்கடையிலிருந்து ஓய்வுபெற்றதும், வீட்டிலேயே இருந்தால் நான் அவளுடைய வாக்கியங்களைத் திருத்திக்கொண்டே இருப்பேன் என்ற நியாயமான அச்சத்தால், பழைய தோல் கிடங்கொன்றில் இயங்கிவந்த நாடகக் குழுவில் சேர்ந்தாள். இடிக்கப்படவிருக்கும் அடுக்குமாடி வீடொன்றின் வாயிற்காவற்காரியாக அவளுக்கு வேடம் கிடைத்தது. முதற்காட்சிக்கு நான் பூங்கொத்து வாங்கிச் சென்றேன். கடையில் இருந்தவற்றுள் மிகச் சிறந்தவை மஞ்சள் ரோஜாக்கள். நாடகக்காரர்களுக்கு மஞ்சள் ஆகாது என்பதை அறியாதவர் எங்கள் ஊரில் எவருமில்லை; அறிந்தும் பொருட்படுத்தாதவன் நான் ஒருவனே. வாசலில் வெளிறிப்போய் நின்ற இயக்குநர் குவால்பெர்த்தோவுக்கு, நிறம் என்பது ஒளியின் பண்பேயன்றி விதியின் பண்பன்று என அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தேன். வகுப்பு முடிவதற்குள் தெரு முழுவதும் மின்சாரம் போயிற்று.

இரண்டாம் முறை பூவின்றிச் சென்றேன். முன்வரிசையில் அமர்ந்து தொண்டையைக் கனைத்தேன், அவ்வளவுதான். வீட்டுச் சொந்தக்காரராக நடித்தவர் மேடையின் விளிம்பைத் தாண்டிக் காலை வைத்துக் கணுக்காலை முறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் குழுவில் எவரும் என் பெயரை உச்சரிப்பதில்லை. ‘அந்தப் பெரியவர்’ என்பார்கள். அப்படிச் சொல்லும்போதே, பீடை தம்மீது ஒட்டாதிருக்கப் பெண்கள் இடது மார்பைத் தொட்டுக்கொள்வார்கள். ஆண்கள் தொடும் இடத்தை நான் எழுத்தில் குறிப்பிட விரும்பவில்லை, அதுவும் இடப்பக்கமே.

“நீ இனிமே வராத, ஹெபர்” என்றாள் சுல்மா. “எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. ஆனா அவங்க நடுங்கறாங்க. நடுங்கற ஆளுங்களோட என்னால நடிக்க முடியல.”

வாக்கியம் பிழையற்றிருந்தது. எனவே அப்போதைக்குக் கீழ்ப்படிந்தேன்.

பிறகு அவளுடைய பெயர் ‘வெண்கலத் திரை’ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிரிவு: சிறந்த புதுமுகம். அறுபத்தேழு வயதுப் பெண்மணியைப் புதுமுகம் என்று அழைக்கலாகுமா என நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, சுல்மா தையற்காரியிடம் கருநீல உடையொன்றுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள். வாழ்நாளில் எதையும் ‘எனக்கு வேண்டும்’ என்று கேட்டறியாதவள் அவள். மருந்துக்கடையில் மற்றவர்களுக்கு வேண்டியவற்றை எடுத்துக் கொடுத்தே பழகியவள். இந்த விருதை அவள் வேண்டினாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நன்றியுரையை ஒத்திகை பார்த்தாள். நான் கேட்டுத் திருத்திவிடக் கூடாது என்பதற்காகக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை மாலை, நான் கழகத்தில் இருந்தேன். டிசம்பர் மாதக் கோடை வெயில் குண்டு ஆடுகளத்தின்மேல் இன்னும் படுத்துக்கிடந்தது. ஆடுவார் எவருமில்லை, லா தேஹாவே உள்ளே இருந்தது. உணவுக்கூடத்தை நடத்தும் வாஷிங்டன் கடலைமாவு ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். சுல்மாவுக்கு அன்று தலைமுடி சீவிவிட்ட நீபியா, தன் கைவண்ணத்தைத் திரையில் காண்பதற்காக முன்னிருக்கையைப் பிடித்திருந்தாள். ஒரு காலத்தில் என் மாணவனாகவும் இப்போது பேருந்து ஓட்டுநராகவும் இருக்கிற யமந்து, ஒரு கையில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவையும் அக்குளில் வெந்நீர்க் குப்பியுமாக என் பக்கத்தில் அமர்ந்தான்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் பளபளக்கும் மேலங்கியுடன் மேடைக்கு வந்தார்.

“நேயர்களே! இந்த வருஷம் புதுமுகப் பரிசை நடுவர்கள் கொடுக்கல, நீங்கதான் கொடுக்கறீங்க! கீழ தெரியற எண்ணுக்கு உங்க மனசுல தோணினத எழுதி அனுப்புங்க. அதுல எந்தப் போட்டியாளரோட பேரு இருக்கோ, அவங்களுக்கு ஒரு ஓட்டு! எத்தன தடவ வேணும்னாலும் அனுப்பலாம். நீங்க எழுதறது இங்க அரங்கத்துல பெரிய திரையிலயும் ஓடும். பல திறமைசாலிகள் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குது!”

“இருக்குது!” என்று நான் மேசையை அறைந்தேன். “திறமைசாலிகள் இருக்குது! எழுவாய் உயர்திணைப் பன்மை. பயனிலை அஃறிணை ஒருமை! இவனுக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தவன் எவன்?”

“யோவ் ஹெபர், சும்மா இருய்யா” என்றார் வாஷிங்டன். “அந்தாளு என்ன சொன்னான்னே கேக்க விடமாட்டேங்கற.”

எனக்குக் கேட்டது என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த நீண்ட அறிவிப்பில் என் செவி பற்றிக்கொண்டது அதன் கடைசிச் சொல்லை மட்டுமே.

எல்லோரும் கைப்பேசிகளை எடுத்தார்கள். நீபியா ‘சுல்மா பெர்ருத்தி’ என்று எழுதி, பக்கத்தில் ஏழெட்டு இதயங்களை ஒட்டி அனுப்பினாள்; அனுப்பியதையே மீண்டும் அனுப்பினாள். திரையின் ஓரத்தில் போட்டியாளர்களுக்கான வண்ணத் தூண்கள் முளைத்தன. சுல்மாவின் பச்சைத் தூண் எல்லாவற்றையும்விட உயரமாக எழுந்தது. கூடத்தில் ஆரவாரம்.

“நீங்களும் அனுப்புங்க, ஹெபர்” என்றாள் நீபியா.

“நான் அனுப்பமாட்டேன். மனைவிக்குக் கணவன் மதிப்பெண் போடுவது முறையன்று.”

“மதிப்பெண்ணா? ஓட்டுங்க, ஓட்டு!”

“என் மகன் என் வகுப்பிலேயே படித்தான். அவனுக்குக்கூட நான் சலுகை காட்டியதில்லை.”

“ஆமாமா, அவன ஃபெயிலாக்கினீங்க” என்றான் யமந்து. “அதான் அவன் இப்ப ஸ்பெயின்ல இருக்கான்.”

கூடம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நடுநிலைமை என்பது சிரிப்புக்குரியதன்று என நான் அப்போது கருதினேன்.

அடுத்து, போட்டியாளர்களின் சிறு பேட்டிகள் ஒளிபரப்பாயின. முதலில் பெலேன் ஒலாசாபல். காலை நிகழ்ச்சியில் வானிலை சொல்லும் இளம்பெண். இசை நாடகமொன்றில் பாடி ஆடியிருக்கிறாள். முகத்தில் குறை சொல்ல முடியாது. வாயைத் திறந்தாள்.

“இந்த நாடகம் என்னோட சொந்த சுயசரிதை மாதிரி. இதுக்காக நான் மறுபடியும் திரும்ப பாட்டு கத்துக்கிட்டேன்.”

என் உடம்பில் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் எழுந்து நின்ற அதே ஒன்று. கைப்பேசியை எடுத்தேன். திரையில் தெரிந்த எண்ணைத் தவிர அந்த அலைவரிசையை அடைய வேறு வழி தெரியாததால், அந்த எண்ணுக்கே எழுதினேன்:

‘அலைவரிசையின் இயக்குநர் அவர்களுக்கு: தம் சொந்தச் சுயசரிதை என்கிறார் செல்வி பெலேன் ஒலாசாபல். அயலாருடைய சுயசரிதையை எழுதும் வித்தையை அறிந்தவர் எவரேனும் உளரா? ஹெ. சா., ஓய்வுபெற்ற மொழியாசிரியர், லா தேஹா.’

சற்று நேரத்தில், தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் ஓடிக்கொண்டிருந்த நேயர் கருத்துகளினூடே என் வாக்கியங்கள் வலமிருந்து இடமாக ஊர்ந்து வந்தன. நிறுத்தற்குறிகள் அனைத்தும் அப்படியே இருந்தன. வாஷிங்டன் ரொட்டிக் கத்தியை உயர்த்திப் பிடித்தபடி உரக்கப் படித்தார். கூடம் கைதட்டியது.

“இது நம்ம ஆளுய்யா!”

“என்னா போடு போட்டிருக்காரு!”

அதே நேரத்தில் ஒளிப்பதிவுக் கருவி போட்டியாளர் வரிசைக்குத் திரும்பியது. சுல்மா அரங்கின் பெரிய திரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் ‘ஹெ. சா.’ என்று அசைந்தன. பிறகு மெல்ல மார்பின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“பார்த்தீர்களா?” என்றேன். “என் நடையை அடையாளம் கண்டுகொண்டாள். மனம் நெகிழ்ந்துவிட்டது.”

நீபியா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நெகிழ்ச்சியா? ஹெபர், அவ தொட்டது இடது பக்கம்.”

இந்த அவமதிப்பை நான் முழுமையாக உணர்வதற்குள், நாடு எனக்குப் பதிலெழுதத் தொடங்கிவிட்டது. ‘பெலேன் ஒலாசாபலை விட்டுடு கிழவா! பைசாந்துவிலிருந்து ஒரு தாய்.’ ‘பெலேன் ஒலாசாபல் எப்படிப் பேசினாலும் அழகுதான், சால்த்தோ ரசிகர்கள்.’ ‘இந்த வாத்தியாரிடம் நானும் படித்தேன், அந்தக் கொடுமைக்கு நானே சாட்சி. பெலேன் ஒலாசாபல் வாழ்க!’

“யாரடா இந்தக் கடைசிப் பயல்?” என்று யமந்துவைக் கேட்டேன்.

“சத்தியமா நானில்ல, வாத்தியாரே. நானா இருந்தா இன்னும் கேவலமா எழுதியிருப்பேன்.”

இனி நான் விடுவேனா? தாயின் கருத்துக்கு மறுப்பு எழுதினேன். ரசிகர்களின் தர்க்கப் பிழையைச் சுட்டி எழுதினேன். ‘மறுபடியும் திரும்ப’ என்பதற்குத் தனியாக ஒன்று எழுதினேன். பெயர் வரவேண்டிய இடத்தில் ‘அவர்’, ‘இவர்’ என்று எழுதி நழுவும் சோம்பல் எனக்குப் பிடிக்காதாகையால், ஒவ்வொன்றிலும் பெலேன் ஒலாசாபல் என்று முழுப்பெயரையும் வரைந்தேன். நடுநிலைமை கருதி, சுல்மாவின் பெயரை ஓரிடத்திலும் எழுதாமல் ‘ஏனைய போட்டியாளர்கள்’ என்றே குறிப்பிட்டேன். ஒவ்வொரு மறுப்புக்கும் நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து வசைகள் திரண்டு வந்தன. வகுப்பறையை விட்டு வந்தபின் இத்தனை பேர் நான் எழுதியதைப் படித்ததில்லை. காதுமடல்கள் சூடாக, மிகுந்த இன்பத்தில் இருந்தேன் என்பதை மறைப்பானேன்?

“இந்தச் செவப்புத் தூண் என்ன இப்படி ஏறுது?” என்றார் வாஷிங்டன்.

சிவப்புத் தூண் பெலேனுடையது. சுல்மாவின் பச்சைத் தூணைத் தொட்டு, அதையும் தாண்டிக்கொண்டிருந்தது.

“அவளுக்கு சொந்தக்காரங்க ஜாஸ்தி போல” என்றாள் நீபியா. “அனுப்புங்கப்பா, எல்லாரும் அனுப்புங்க!”

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கூறி, பெலேன் ஒலாசாபலின் உச்சரிப்பைப் பற்றி மற்றுமொரு கண்டனத்தைத் தொடங்கினேன்.

யமந்து மாத்தே உறிஞ்சுவதை நிறுத்தினான். குழல் உதட்டிலேயே நின்றது.

“வாத்தியாரே. ஒரு நிமிஷம். நீங்க எந்த எண்ணுக்கு அனுப்பறீங்க?”

“திரையில் இருக்கும் எண்ணுக்கு. வேறு எண் தந்திருக்கிறார்களா?”

“அவ பேரப் போட்டா எழுதறீங்க?”

“முழுப்பெயர். ஏன்?”

“அடப்பாவி மனுஷா.” குடுவையை மேசைமேல் வைத்தான். “பேரு வந்தா ஓட்டுன்னு அந்தாளு மொதல்லயே சொன்னானே! நீங்க திட்டினது ஒவ்வொண்ணும் அவளுக்கு ஓட்டு. ஒங்களத் திட்டறவன் எழுதறதும் அவளுக்கு ஓட்டு. நாட்டையே கெளப்பி விட்டு அவளுக்குக் குத்த வெச்சுட்டீங்க!”

நீபியாவின் கை இடது மார்புக்குச் சென்றது. வாஷிங்டனின் கை பலகைக்குக் கீழே மறைந்தது. எங்கே சென்றது என்பதை நான் ஊகித்துக்கொண்டேன்.

மனைவிக்கு வாக்களிப்பது நெறியன்று என ஒதுங்கி நின்றவன், அவளுடைய போட்டியாளருக்காகத் தேர்தல் பணி ஆற்றியிருக்கிறேன். திரையில் சுல்மாவைக் காட்டினார்கள். அவள் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் புன்னகை இருந்தது. மருந்து கையிருப்பில் இல்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது அவள் அணியும் புன்னகை. பக்கத்தில் கைப்பை.

“இன்னும் ஒரு பாட்டு!” என்று தொகுப்பாளர் கூவினார். “பாட்டு முடிஞ்சதும் ஓட்டுப் பெட்டிய மூடிடுவோம்!”

“நானும் அவளுடைய பெயரை எழுதி அனுப்புகிறேன்” என்றேன்.

“ஒத்த ஆளு எத்தன அனுப்புவீங்க?” என்று நீபியா எழுந்தாள். சிகையலங்காரக்காரிகளுக்குச் சில வேளைகளில் தளபதிகளின் முகம் வந்துவிடுகிறது. “கேளுங்க. இந்த மனுஷன் யாரத் திட்டறாரோ அவங்களுக்கு ஊரே சப்போர்ட் பண்ணுது. அப்ப சுல்மாவத் திட்டட்டும்.”

“என்ன?”

“ஒங்க பொண்டாட்டியத் திட்டுங்க, ஹெபர். நாடு பாக்கற மாதிரி.”

“அவள் அரங்கத்தில் அதைப் படிப்பாளே!”

“ஏற்கெனவே படிச்சுக்கிட்டுதான் இருக்கா” என்றார் வாஷிங்டன். “எழுதுய்யா!”

எழுதினேன். ‘சுல்மா பெர்ருத்தி அவர்களின் உச்சரிப்பில் மேலும் தெளிவு இருந்திருக்கலாம்.’ அது திரையில் ஊர்ந்து சென்றது. ஓர் உயிரும் அசையவில்லை.

“இது திட்டா? கல்யாண வாழ்த்து” என்றான் யமந்து. “அந்தப் பொண்ணத் திட்டும்போது ஒங்க காதெல்லாம் செவந்துச்சு. இப்பப் பாருங்க, வெளுத்துக் கெடக்கு. மனசுல இருக்கறத எழுதுங்க, வாத்தியாரே.”

மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அதை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, குண்டு விளையாடப் போவதாகச் சுல்மாவிடம் கூறிவிட்டு, நான் அந்தத் தோல் கிடங்குக்குச் சென்றேன். விளக்குகள் அணைந்தபின் நுழைந்தேன். விளக்கறைக்குப் பின்னால், துடைப்பங்கள் சாய்த்து வைக்கப்பட்ட மூலையில் நின்றேன். கனைக்கவில்லை, மூச்சைக்கூடத் தவணையில்தான் விட்டேன். விளக்குகள் எரிவதற்குமுன் வெளியேறிவிட்டேன். அன்று எதுவும் விழவில்லை, எவரும் விழவில்லை. விமரிசகர்கள் வந்திருந்ததும், இத்தனை நாட்களில் அதுதான் மிகச் சிறந்த காட்சி எனக் குவால்பெர்த்தோ அழுததும் அன்றைய தினமே என்று சுல்மா பிறகு சொன்னாள். ‘அந்தப் பெரியவர் வராததால்தான்’ என்றும் அவன் சேர்த்துச் சொன்னானாம். நான் குண்டாட்டத்தில் தோற்றுவிட்டதாக அவளிடம் கூறினேன்.

என் கட்டைவிரல்கள் எழுதத் தொடங்கின:

‘சுல்மா பெர்ருத்தியைக் கண்டிக்கிறேன். வெள்ளிக்கிழமைக் காட்சியை விளக்கறைக்குப் பின்னால், துடைப்பத்தின் அருகில் நின்று பார்த்தேன். பட்டாணி உரிக்கும் காட்சியில் சுல்மா பெர்ருத்தி நெடுநேரம் வாய் திறப்பதேயில்லை. வீடு இடிபடப்போகிறது, அவர் பட்டாணி உரிக்கிறார். அவ்வளவு நேரமும் திருத்துவதற்கு எனக்கு ஒரு பிழையும் கிடைக்கவில்லை. காசு கொடுத்து வந்த பார்வையாளனை இப்படி வேலையற்றவனாக்கி, இருட்டில் கைக்குட்டையைத் தேடவிடுவது நாடகமாகாது. ஹெ. சா., லா தேஹா.’

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். மூவரும் என் தோளுக்குமேல் படித்திருந்தார்கள்.

“தட போட்டிருந்தாங்களே, போனியா?” என்றார் வாஷிங்டன், மெதுவாக.

“துடைப்பத்துப் பக்கத்துலயா?” என்றாள் நீபியா.

நான் தொலைக்காட்சியைக் காட்டினேன். என் வாக்கியங்கள் திரையில் போய்க்கொண்டிருந்தன.

பிறகு அணை உடைந்தது. ‘இந்தக் கிழவனுக்கு நெஞ்சு இருக்கா? சுல்மா பெர்ருத்தி வாழ்க! தக்குவாரெம்போ ஊரிலிருந்து.’ ‘பட்டாணிக் காட்சியில் நாங்கள் குடும்பத்தோடு அழுதோம். சுல்மா பெர்ருத்திக்கே பரிசு.’ ‘பைசாந்துவின் அதே தாய்: அந்தப் பொண்ண விட்டு இப்ப சுல்மா பெர்ருத்தியிடம் வந்துட்டியா, உனக்கு வேற வேலையே இல்லையா?’ இந்தத் தாய் இருவருக்கும் ஒவ்வொரு வாக்கு அளித்திருந்தாள்; அவளுடைய நடுநிலைமை என்னுடையதைவிடச் செம்மையானது. பச்சைத் தூண் ஏறியது. கூடமே எழுந்து நின்றது. வாஷிங்டன் கத்தியால் தட்டில் தாளம் போட்டார். பச்சை, சிவப்பின் தோளைத் தொட்டது. கழுத்தைத் தொட்டது.

பாட்டு முடிந்தது. மணி அடித்தது.

நகக்கண் அளவு. அந்த அளவில் சிவப்பே உயர்ந்திருந்தது.

பெலேன் ஒலாசாபல் மேடைக்கு ஓடினாள், வெண்கலச் சிலையைக் கட்டிக்கொண்டாள், அழுதாள். “லா தேஹாவிலிருந்து எழுதின சாருக்கு நன்றி. அவர் இல்லைன்னா நான் இங்க நின்னிருக்க மாட்டேன்” என்றாள். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அன்று மாலை என்னை மிக ஆழமாகப் புண்படுத்தியது அதுவே.

சுல்மா கைதட்டினாள். கருநீல உடை அவளுக்கு நன்றாக இருந்தது. நீபியா சீவிவிட்ட முடியில் ஓர் இழைகூடக் கலையவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து குவால்பெர்த்தோ எட்டிவந்து, கைப்பையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, என் நாற்காலியில் அமர்ந்தான். இரு கைகளையும் ஆட்டி அவள் காதில் ஏதோ கொட்டினான். பெரிய திரையைச் சுட்டிக்காட்டினான். சுல்மா எழுந்து வெளியே போனாள்.

என் கைப்பேசி ஒலித்தது. கூடம் அமைதியாயிற்று. நாகரிகத்தால் அன்று, ஒட்டுக்கேட்பதற்காக.

“அந்த வெள்ளிக்கிழம நீ வந்தியா?” என்றாள்.

“வந்தேன்.”

“குண்டு விளையாடப் போறேன்னு சொன்ன. தோத்துட்டேன்னும் சொன்ன.”

“சொன்னேன்.”

இடி இறங்கப்போகிறது என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன்.

“தொடப்பத்துக்கு எந்தப் பக்கம் நின்ன?”

“என்ன?”

“குவால்பெர்த்தோ கேக்கறான். எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“இடது பக்கமாம்” என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. அதைத் தொடர்ந்து குவால்பெர்த்தோவின் அலறல்: “என்ன கோட்டுப் போட்டிருந்தாரு? அதக் கேளு! கனைச்சாரா?”

“கனைக்கவில்லை. பழுப்புக் கோட்டு. முழங்கையில் தோல் வைத்துத் தைத்தது.”

“அதேதான்!” குவால்பெர்த்தோ இப்போது கைப்பேசிக்குள்ளேயே கத்தினான். “இவ்ளோ நாளா நான் முட்டாள்! அன்னிக்கு ஏன் அவ்ளோ நல்லா வந்துச்சுன்னு இப்பல்ல புரியுது! அந்தக் கோட்டத் தொவைக்கக் கூடாது! இனி எந்தக் காட்சியும் அவரு அங்க நிக்காம தொடங்கக் கூடாது!”

எங்கள் நாடகக்காரர்கள் இப்படித்தான். பீடை என்று முடிவு கட்டினால் வாசற்படி மிதிக்க விடமாட்டார்கள். ராசி என்று முடிவு கட்டினால் நின்ற இடத்திலிருந்து நகர விடமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவே மனிதனாக அமர்ந்து நாடகம் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இல்லை.

“சனிக்கிழம காட்சி இருக்கு” என்றாள் சுல்மா. “அதே எடம், அதே கோட்டு. பூ கீ வாங்கிட்டு வந்துடாத.”

“சுல்மா. பரிசு...”

“போச்சு. உன்னாலதான் போச்சு.”

“ஆம்.”

“பேச்ச அத்தன நாள் மனப்பாடம் பண்ணேன்.”

“எனக்குச் சொல்லேன்.”

“எதுக்கு? திருத்தறதுக்கா?”

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

“வீட்டுக்கு வந்து சொல்றேன்” என்றாள் கடைசியில். “கொழாயத் தெறந்து விட்டுட்டு.”

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது வந்து சேர்ந்தாள். காலணிகளைக் கழற்றினாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், கருநீல உடையோடேயே குளியலறைக்குள் சென்று தாழிட்டாள். குழாய் திறந்தது. நான் கதவருகே போய் நின்றேன், இடப்பக்கமாக. பழக்கம் அதற்குள் வந்துவிட்டது போலும்.

தண்ணீரின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. தையற்காரிக்கு நன்றி சொன்னாள். மருந்துக்கடையில் வரிசையில் நின்றவர்களுக்கு நன்றி சொன்னாள். நடிப்பை அவர்களிடமிருந்தே கற்றதாகச் சொன்னாள். பிறகு ஒரு பெயர் வந்தது. நாடகக் குழுவில் எவரும் உச்சரிக்கத் துணியாத பெயர்: ஹெபர் சாராலெகி. முழுப்பெயராக, நிறுத்தி, தெளிவாக. இந்தப் பேச்சு பல வாரங்களுக்கு முன்பே எழுதப்பட்டது என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அதற்கு அடுத்த வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை. என் கை தானாகவே கதவைத் தட்ட உயர்ந்தது. உள்ளே குழாயை அவள் இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.